எடைக்கு எடை வெல்லம்

மனைவியின் எடைக்கு எடை வெல்லம் தருவதாக, அவளைக் கேட்காமலே சாமியிடம் நேர்ந்துகொண்ட மடையன் நான். ஏன் நேர்ந்தேன் என்பது அதைவிடப் பெரிய மடத்தனம். ராஜபாளையத்து டாக்டரம்மா எனக்கு எழுதிக்கொடுத்த விந்தணுப் பரிசோதனையிலிருந்து தப்பிக்கத்தான்.

கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. உடம்பு குறைந்தால் மாதவிலக்கு சீராகும், கரு உண்டாக வாய்ப்பு கூடும் என்று டாக்டரம்மா அவளுக்குப் பசியடக்கும் ஊசி வாரம் ஒன்று தொடங்கினார். ஊசி போடும்வரை கர்ப்பம் ஆகக்கூடாதாம். நிறுத்தி இரண்டு மாதம் கழித்துத்தான் முயற்சி செய்யலாமாம். பிள்ளை வரம் கேட்டுப் போனவன் ஆணுறை வாங்க மருந்துக்கடையில் நின்றேன். கூச்சத்துக்குத் துணையாக ஒரு இருமல் மருந்தும் வாங்கினேன்.

டாக்டரம்மா சொன்னபடி அவள் நடந்தாள். குமட்டலோடு அரை இட்லியை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மிச்சம் வீணாகக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில் நான் சாப்பிடுவேன். ஏழு மாதத்தில் பதினோரு கிலோ குறைந்தாள். மாதவிலக்கும் தேதி தவறாமல் வந்தது.

“இனி ஊசிய நிறுத்தலாம். ஆனா உங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட் வராம அடுத்த வேல நடக்காது,” என்றார் டாக்டரம்மா.

நான் மூன்று தடவை தேதியைத் தள்ளினேன். ஒரு தடவை மழை பெய்தது. மற்ற இரண்டு தடவையும் மழை வரும்போல இருந்தது.

நாலாவது தடவைக்குச் சாக்கு கிடைக்காததால் சாமி ஞாபகம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக் கோயிலில் துலாபாரம். அவள் இன்னும் இளைப்பதற்குள் முடித்துவிட்டால் சாமிக்கும் நஷ்டமில்லை. அந்த ஊரில் இருக்கும் அவள் சொந்தபந்தம் அனைவருக்கும் போன் போட்டேன். அவளிடம் மட்டும், “சும்மா கும்பிட்டுட்டு வருவோம்” என்றேன்.

தராசையும் சுற்றி நின்ற கூட்டத்தையும் பார்த்ததும் அவள் முகம் சுண்டிவிட்டது. ஆறு வருஷமாக “எம்புட்டு கிலோ இருப்ப?” என்று கேட்டவர்கள் அத்தனை பேரும் முன்வரிசையில்.

“ஏட்டி, ஏறு. என்ன கூச்சம்?” என்றாள் அவள் சித்தி.

“நேந்தது யாரு சித்தி?”

“மாப்ளதான்.”

“அப்ப அவிய ஏறட்டும்.”

ஏறினேன். வாங்கி வைத்த வெல்லம் முழுதும் எதிர்த் தட்டுக்குப் போனது. என் தட்டு அசையவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து இன்னொரு மூட்டை வந்தது. அதற்கும் நான் மசியவில்லை. சித்தி தன் பையிலிருந்த தேங்காய்களையும் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“மாப்ள, உங்களுக்கு எத்தன மாசம்?”

கோயிலே சிரித்தது. நானும் சிரித்தேன், தராசில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு வழி? அவள் மட்டும் சிரிக்கவில்லை. கலங்கிய கண்ணோடு என் பக்கம் குனிந்தாள்.

“வாரா வாரம் வயித்துல குத்திக்கிட்டேன். உங்களக் கேட்டது ஒரு சின்ன டப்பா.”

யாரோ இன்னும் நாலு கட்டி வெல்லம் வைக்க, என் தட்டு மெல்ல மேலே எழும்பியது. நான் எழும்பவில்லை.

பைக்கில் திரும்பினோம். ராஜபாளையத்துக்குள் நுழைந்ததும் நானே ஆரம்பித்தேன்.

“வீட்டுக்குப் போயி செத்த நேரம் படுத்துட்டு, பொறவு பேசுவோமா?”

“லேபுக்கு விடுங்க.”