கதவு எண் இல்லாத வரைபடம்

திருவொற்றியூரில் எங்கள் பக்கத்துக்கு நாற்றம் வருவதற்கென்று ஒரு நேரம் உண்டு. விடியற்காலையில் காற்று மேற்கிலிருந்து, நிலத்தின் பக்கமிருந்து வீசும். அப்போது அழுகிய முட்டை வாடையோ, தார் காய்ச்சுகிற வாடையோ வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கடல்காற்று எழுந்ததும் அதே வாடை மாத்தூர்ப் பக்கம் நகர்ந்துவிடும். எந்தப் புகைபோக்கியிலிருந்து வருகிறது என்பது மட்டும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஒரு ஆலையைக் கேட்டால் பக்கத்து ஆலையைக் கைகாட்டுவார்கள்.

நான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பல் எந்தக் கிழமை, எந்த வேளை வந்தது என்று தெரியாமல் அங்கே எந்தச் சண்டையும் தீராது. அந்தப் பழக்கத்தில் நாற்றத்துக்கும் கிழமை குறிக்க ஆரம்பித்தேன். என்னைப்போலவே எரிச்சலில் இருந்த இருவர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் தேரடிப் பக்கம் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் தூத்துக்குடி அண்ணாச்சி. இன்னொருவர் எங்கள் தெருவிலிருந்து தினமும் பழைய மகாபலிபுரம் சாலைக்குக் கணினி வேலைக்குப் போய்வரும் பெண். வரைபடத்தைச் செய்தது அவள்தான். யாரும் போனில் தங்கள் இடத்தைத் தொட்டு, என்ன வாடை, எப்போது என்று போடலாம். எல்லாவற்றையும் யாரும் பார்க்கலாம், மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். காசு கிடையாது, அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கதவு எண்ணையும் அதில் சேர்த்தோம். அதற்குக் காரணம் இருந்தது. புகார் கொடுக்கப் போன ஒவ்வொரு அலுவலகத்திலும் முதல் கேள்வி, "அட்ரஸ் எங்கே?" என்பதுதான். கதவு எண் இல்லாத மனுவைப் படிக்காமலே திருப்பித் தள்ளுவார்கள். அப்படியே பழகிப்போன எங்கள் மூவரில் ஒருவருக்கும், எண்ணை ஊருக்கெல்லாம் காட்டலாமா என்ற கேள்வியே எழவில்லை. முகவரி இருந்தால்தான் உண்மை என்று நினைத்திருந்தோம்.

வரைபடம் நன்றாகவே வேலை செய்தது. மாத்தூர்க் குடியிருப்புச் சங்கத்தார் அதை இறக்கித் தங்கள் குறிப்புகளோடு வைத்துப் பார்த்தார்கள். எங்களுக்கு விடியலில் வந்த வாடை அவர்களுக்கு அன்றைக்கே மதியம் போயிருந்தது. இரண்டும் ஒரே வாடை என்று அப்போதுதான் முதல்முறையாகச் சொல்ல முடிந்தது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் அதைப் பார்த்து, வீசிங் உள்ள பிள்ளைகளின் தாய்மாரை ஜன்னலை எப்போது சாத்த வேண்டும் என்று எச்சரிக்கத் தொடங்கினார்.

பங்குனி மாதம் ஒரு புதன்கிழமை காலை, ரயில் பாதையை ஒட்டிய கடைசி வீட்டுப் பெண் என்னைத் தேடி வந்தாள். விடியற்காலையில் தவறாமல் குறிப்புப் போடுகிறவள். அவள் மகளுக்கும் வீசிங் உண்டு.

"இன்னாண்ணா பண்ணி வச்சிக்கீறீங்க? எங்க வூட்டு நம்பரு ஊருக்கே தெரியுது."

அவள் கணவர் ஒரு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. உள்ளே போக கேட் பாஸ் வேண்டும். அது மாத முடிவில் முடிகிறது. புதுப்பித்துக் கொடுப்பது கான்டிராக்டர். முந்தின நாள் கேண்டீனில் எல்லார் முன்னாலும் கான்டிராக்டரின் சூப்பர்வைசர், வரைபடத்தில் அவர்கள் வீட்டு எண்ணைக் காட்டிப் போனை நீட்டியிருக்கிறார்.

"'கம்பெனி சோறும் வோணும், கம்பெனி நாறுதுன்னும் எழுதுவியா மாமு? இந்த மாசம் பாஸு பாத்துக்கலாம்'னு சொல்லிக்கீறான். நான் எந்தக் கம்பெனின்னு போட்டேனாண்ணா? நாத்தம் வருதுன்னுதான போட்டேன்?"

உண்மைதான். அவள் ஒரு ஆலையின் பெயரையும் குறித்ததில்லை.

"இப்பவே எடுத்துடச் சொல்றேம்மா."

"நம்பர எடுங்க. நாத்தம் வந்தது பொய்யில்ல. அத்தயும் சேத்துத் தூக்கிடாதீங்க."

நான் போன் செய்த சற்று நேரத்தில், கணினிப் பெண் அலுவலகத்திலிருந்தபடியே எல்லாக் கதவு எண்களையும் மறைத்துவிட்டாள். சாயங்காலம் அண்ணாச்சி கடையின் மாடியில் கூடினோம். கடைசி வீட்டுப் பெண்ணையும் வரச் சொல்லியிருந்தோம். அண்ணாச்சிக்குக் கோபம்.

"ஒருத்தன் முறைச்சான்னு எடுத்துட்டா, நாளைக்கு மொத்தத்தையும் எடுக்கச் சொல்லுவாம்லா? பயந்துட்டோம்னு ஆயிராதா?"

"அண்ணாச்சி, ஒங்க கடைக்குப் பாஸு யாரு குடுக்கறா?" என்றாள் அவள். "நீங்களே ஷட்டரத் தூக்கிக்கினு உள்ள போறீங்க. எங்க வூட்டுக்காரரு கேட்டாண்ட நிக்கணும்."

அண்ணாச்சி மாடியிலிருந்து கீழே எட்டிப் பார்த்து எல்லாருக்கும் டீ சொன்னார்.

எண்ணை எடுத்தாலும் புள்ளி அவள் வீட்டின் மேலேயே நின்றது. வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு மொத்தம் காட்டலாம் என்றாள் கணினிப் பெண். போட்டுப் பார்த்தோம். கடைசி வீட்டுப் பெண்ணின் மூலையில் விழுந்த கட்டத்தில் ரயில் பாதை, ஒரு குடோன் சுவர், பிறகு அவள் வீடு. வேறு வீடே இல்லை.

"நல்லா மறைச்ச போ பாப்பா," என்று சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "கட்டம் இன்னாத்துக்கு? எந்த டேங்க்னு போடேன்," என்றாள்.

எங்கள் பக்கம் லாரித் தண்ணீர் நிரப்பும் கறுப்பு டேங்குகள் தெருமுனைகளில் நிற்கும். யார் வீடு எங்கே என்று கேட்டால் தெருப் பெயர் சொல்ல மாட்டார்கள், "கோயில் டேங்க்கா, ரேஷன் கடை டேங்க்கா?" என்பார்கள். ஒரு டேங்க்கில் எந்தெந்த வீடு குடம் வைக்கும் என்பது அங்கே சண்டை போட்டுத் தீர்ந்த விஷயம். எல்லைத் தகராறே கிடையாது. எந்த டேங்க்கிலும் ஒற்றை வீடு இருக்க முடியாது. அவளுடையது ரேஷன் கடை டேங்க். கணினிப் பெண் மடிக்கணினியை மூடினாள். "இது சரியா வரும்க்கா," என்றாள்.

அன்றே மற்றதையும் பேசி முடித்தோம். இனிக் கதவு எண்ணைக் கேட்பதே இல்லை. வெளியே காட்டுவது ஒரு வாரம் கழித்து. தன் குறிப்பை நீக்கச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு, காரணம் கேட்க மாட்டோம். யார் எப்போது போட்டார்கள் என்று நான் போன் எண்ணோடு வைத்திருந்த விவரத்தையும் அழிக்கச் சொன்னாள் கணினிப் பெண். எனக்கு மனம் வரவில்லை. பிற்காலத்தில் யாராவது சரிபார்க்க வேண்டாமா என்று கேட்டேன்.

"நம்மகிட்ட இருந்தாத்தான் சார் நம்மள வந்து கேப்பாங்க. இல்லன்னா கேக்க முடியாது."

கிழமையையும் வேளையையும் வைத்துக்கொண்டு ஆட்களை அழித்தேன்.

ஏற்கெனவே இறக்கிக்கொண்டவர்களை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அனுமதி கேட்க வேண்டாம் என்று விட்டதால் யார் யார் என்பதே தெரியாது. தெரிந்தவர்களுக்கு எழுதினோம். மாத்தூர்க்காரர்கள் மறுநாளே அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். மற்றவர்களிடம் அந்தப் பழைய பிரதி இன்னும் இருக்கலாம். அதைக் கடைசி வீட்டுப் பெண்ணிடம் மறைக்காமல் சொன்னோம்.

"செரி," என்றாள்.

மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கணவர் கடைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து பாஸை எடுத்துக் காட்டினார்.

"திரும்பவும் போன நோண்டிகினு வந்தான்ணா. 'ரேஷன் கட டேங்க்னு போட்டுக்கீது, நீதான'ன்னான். 'அந்த டேங்க்லதான் மாமு ஒன் பொண்டாட்டியும் கொடம் வச்சிகினு நிக்குது, மொதல்ல வூட்ல கேட்டுட்டு வா'ன்னேன். கேண்டீனே சிரிச்சிது."

"பொறவு?" என்றார் அண்ணாச்சி.

"பாஸு போட்டுட்டான். ஒரு மாசத்துக்குத்தான். முன்ன மூணு மாசம் போடுவான்." பாஸைப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டார். "வூட்ல இனிமே போட வோணாம்னு சொல்லிக்கீறேன். தப்பா நெனக்காதீங்க."

தப்பாக நினைக்க ஒன்றுமில்லை என்று அண்ணாச்சியே முந்திக்கொண்டு சொன்னார்.

அந்த டேங்க்கிலிருந்து பல வாரங்கள் ஒரு குறிப்பும் வரவில்லை. வெற்றிடத்தைப் பார்த்து நாற்றமே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாதென்று, இந்த வாரங்களில் இங்கே குறிப்பவர் இல்லை, வாடை இல்லை என்று பொருளல்ல என வரைபடத்தின் கீழே எழுதி வைத்தோம்.

சித்திரை மாதம் ஒரு திங்கட்கிழமை விடியலில், ரேஷன் கடை டேங்க்கிலிருந்து ஒரு குறிப்பு வந்தது. அழுகிய முட்டை வாடை. அதைப் போட்டது அவளா, சூப்பர்வைசர் மனைவியா, வேறு யாராவதா என்று கண்டுபிடிக்க என்னிடம் இப்போது வழியில்லை. பால் வாங்கப் போகும்போது அவள் இடுப்பில் குடத்தோடு எதிரே வந்தாள்.

"இன்னிக்கு நாத்தம் ஜாஸ்தி இல்லண்ணா?"

"ஆமாம்மா, ஜாஸ்திதான்," என்றேன். அவள் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். நான் வேறெதுவும் கேட்கவில்லை.