எங்கே போயிருச்சு?

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே ஒரு சரிவில் எங்கள் வீடு. என் கணவர் சுற்றுலா வருபவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறார். நான் வீட்டிலிருந்தபடியே ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன். ஒரு மழைக்காலத்தில், கடலோர மீனவர்களுக்கான சிறிய கையேடு ஒன்று என்னிடம் வந்தது. கப்பலிலிருந்து கச்சா எண்ணெய் கடலில் கொட்டினால் அது என்னவாகும், அதன்மேல் தெளிக்கும் மருந்து என்ன செய்யும் என்பதுதான் விஷயம். மீன் வாங்குவதைத் தவிர எனக்கும் கடலுக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

கொட்டிய முதல் நாளிலேயே எண்ணெயில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று மூடுபனி. சவாரி இல்லாமல் அவர் அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். படித்துக் காட்டினேன்.

“இதுல என்ன அதிசயம் கெடக்கு? பெட்ரோல் கையில பட்டா பாத்துக்கிட்டு இருக்கும்போதே காஞ்சிரும். டீசல் பட்டா சட்டைய ரெண்டு தடவ தொவைக்கணும். தார் பட்டா சட்டையத் தூக்கிப் போட வேண்டியதுதான். கச்சா எண்ணெயில இது எல்லாமே ஒண்ணா இருக்கு. லேசானது மொதல்ல போகும், கனமானது நிக்கும்.”

அவர் சொன்னதைச் சட்டையோடு சேர்த்து அப்படியே எழுதிவிட்டேன்.

அடுத்த பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டேன். மிஞ்சிய எண்ணெயை அலைகள் அடித்து அடித்துக் கடல்நீரை அதற்குள் புகுத்திவிடுமாம். எண்ணெய் பல மடங்கு உப்பி, பழுப்பாகக் கெட்டிப்பட்டுவிடும். அதை ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வெளிநாட்டு இனிப்போடு ஒப்பிட்டிருந்தார்கள். கூழ் என்று எழுதினேன், அடித்தேன். தயிர் என்று எழுதினேன், அதையும் அடித்தேன்.

“ஏ புள்ள, ஹெட் கேஸ்கட் போன வண்டிய நீ பாத்ததில்லையா?” என்றவர், மழையோடு மழையாக என்னை மெக்கானிக் ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே பிரித்துப் போட்டிருந்த ஒரு என்ஜினின் மூடியைத் திருப்பிக் காட்டினார். பால் காப்பி நிறத்தில் கெட்டியாக அப்பியிருந்தது. கேஸ்கட் கிழிந்து தண்ணீர் புகுந்த ஆயில். தொட்டேன், வீடு வந்து சோப்புப் போட்டும் விரலை விட்டுப் போகவில்லை. படகுக்காரர்கள் எல்லோரிடமும் டீசல் என்ஜின் இருக்குமே! அதையே உவமையாக எழுதினேன். அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது.

தெளிக்கும் மருந்துக்கு ‘எண்ணெயை நீக்கும் மருந்து’ என்று பெயர் வைத்திருந்தேன். அதையும் கண்ணால் பார்த்துவிட ஆசை. ஷெட்டிலிருந்து பழைய ஆயிலும் அந்தப் பழுப்புக் களிம்பில் கொஞ்சமும் வாங்கி வந்தேன். ஒரு அலுமினியத் தட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றி, ஆயிலை மிதக்கவிட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தை அதன்மேல் விட்டுக் கலக்கினேன். கறுப்பு ஏடு உடைந்து காணாமல் போனது.

“ஏங்க, இங்க வாங்க! எண்ணெ போயிருச்சு!”

அவர் வந்து குனிந்து பார்த்தார். “எங்க போயிருச்சு?”

ஜன்னல் வெளிச்சத்துக்குத் தட்டை நகர்த்தினேன். தண்ணீர் கலங்கிக் கிடந்தது. அவ்வளவும் பொடிப் பொடித் துளிகள். எண்ணெய் எங்கும் போகவில்லை. மேலே இருந்தது உள்ளே இறங்கியிருக்கிறது. ஆழ்கடலில் இந்தத் துளிகள் பரவிக் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மெல்ல மெல்லத் தின்று தீர்க்கும். ஆழமில்லாத கரையோரத்திலோ மீன் முட்டைகளிடமும் குஞ்சுகளிடமும் போய்ச் சேரும். கையேட்டில் இதெல்லாம் தெளிவாகவே இருந்தது. நான் வைத்த பெயர்தான் அதை மறைத்தது. ‘நீக்கும்’ என்பதை அடித்துவிட்டு ‘சிதறடிக்கும்’ என்று எழுதினேன். பழுப்புக் களிம்பின்மேல் அதே திரவத்தை விட்டால் வழுக்கி ஓடியது. கெட்டிப்படும் முன்பே தெளிக்க வேண்டும் என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்பதும் புரிந்தது.

தட்டில் இருந்ததை ஷெட்டின் கழிவு ஆயில் டிரம்மில் ஊற்றிவிட்டு வந்தவர், “நல்ல தட்டு போச்சு” என்றார்.

அச்சான பிறகு, ராமநாதபுரம் பக்கம் ஒரு கடலோர ஊரில் படித்துக் காட்ட அழைத்தார்கள். இருவரும் வெள்ளனே கிளம்பி ஜீப்பில் போனோம். பெண்கள் குழுத் தலைவி சத்தமாக வாசித்தார். என்ஜின் வரி வந்ததும் ஆண்கள் சிரித்துத் தலையாட்டினார்கள். முடிந்ததும் அந்த அம்மா கேட்டார்: “அப்ப கரைப் பக்கம் மருந்து தெளிக்க வந்தா, மொதல்ல எங்களக் கேளுங்கன்னு சொல்லலாம்ல?”

“தாராளமாச் சொல்லுங்கக்கா.”

பிறகு கடலைப் பார்க்கப் போனோம். என் கணவரின் குதிகாலில் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டது. வெளியே கல் மாதிரி இறுகி உள்ளே பசையாக இருந்த சின்ன உருண்டை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதியிருந்த தார் உருண்டை அதுதான். எந்தக் கப்பலிலிருந்து கொட்டி, எவ்வளவு தூரம் மிதந்து வந்ததோ. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த அம்மா தேங்காய் எண்ணெயும் துணியும் கொண்டுவந்து கொடுத்தார்.

“தொடைச்சிட்டு வாங்க, சோறு ஆறுது.”

அன்று பாறை மீன் குழம்பு. என் கணவர் கூச்சமே படாமல் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.