குழாயைப் பார்த்துக்கொள்வது யார்

எனக்கு எட்டு வயதில் இதயத்தில் ஓட்டை இருப்பதாகச் சொன்னார்கள். தொடை ரத்தநாளம் வழியாகக் கம்பி விட்டு, குடை மாதிரி ஒன்றை வைத்து அடைத்துவிடலாம் என்றார்கள். அப்பா அதைக்கூட நம்பிவிட்டார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்து இரண்டு வழி சொன்னதும்தான் அவருக்குச் சந்தேகம் முளைத்தது.

லேசான மயக்கம் என்றால் நானே மூச்சு விடுவேன். ஆனால் நடுவில் அசைந்துவிடலாம். முழு மயக்கம் என்றால் அசைவே இருக்காது; தொண்டையில் குழாய் போட்டு மெஷின் மூச்சு கொடுக்கும்.

“எதுக்கு ரெண்டு வழி சொல்லுதாங்க? நல்லது ஒண்ணுதான இருக்கும்,” என்று மாமாவிடம் முணுமுணுத்தார் அப்பா.

அப்பா தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர். வள்ளத்தில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாக இறங்கும் காற்றில்தான் கடலடியில் அவர் உயிர். அந்தக் குழாயை அம்மாவின் தம்பியான மாமாவைத் தவிர யாரும் தொடக்கூடாது. அக்காள் தாலி அவர் கையில் அல்லவா. ஒருமுறை கூலிக்கு வந்தவன் பீடி பற்றவைக்கத் திரும்பியபோது குழாய் மடங்கிவிட்டதாம்.

“தொண்டையில போடுத அந்தக் கொழாயப் பாத்துக்கிடுதது யாரு?” என்று டாக்டரம்மாவிடம் கேட்டார் அப்பா.

“நான்தான். இவன் தலைமாட்டுலயே இருப்பேன்,” என்றார் டாக்டரம்மா.

“நடுவுல டீ குடிக்கப் போவியளா?”

“கண்ணு முழிக்கிற வரைக்கும் எங்கேயும் போகமாட்டேன்.”

அப்பா நம்பவில்லை. “எம் மச்சினன் உள்ள நிக்கட்டும். ஒண்ணையும் தொடமாட்டான்.”

அதற்கு அனுமதியில்லை என்றார் டாக்டரம்மா.

“நான் ரத்தத்தப் பாத்தா விழுந்துருவேன் அத்தான். பெறகு எனக்கும் ஒரு கொழாய் போடணும்,” என்றார் மாமா. பிறகு குரலைத் தாழ்த்தி, “இவன் தூக்கத்துல ஒதைக்க பய. நெஞ்சுக்குள்ள கம்பி கெடக்கையில ஒதச்சான்னா?”

அப்பா என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “முழுசாவே போடுங்க,” என்றார்.

வீட்டில் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. மூவரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றியது. தூங்கவே கூடாது என்று முடிவு செய்தேன். முகத்தில் மாஸ்க் வைத்தது வரைதான் நினைவிருக்கிறது.

வார்டுக்குக் கொண்டுவந்ததும் அப்பா வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

“முழிக்கும்போது யாருலே பக்கத்துல இருந்தா?”

தொண்டை எரிந்தது. அந்த எரிச்சல் முழுவதும் அவர் மேல்தான் எனக்கு. “அந்த டாக்டரம்மாதான். மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு என்னையவே உத்துப் பாத்துக்கிட்டு இருந்தாவ,” என்று புகார் சொன்னேன்.

அப்பா எழுந்தார். துண்டால் கண்ணை அழுத்தித் துடைத்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, டாக்டரம்மாவைத் தேடி வெளியே நடந்தார்.

நன்றாக நாலு கேள்வி கேட்கட்டும் என்று நான் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டேன்.