கூரை அறுத்த கார்

இன்றைக்கு ரோட்டில் ஓடுகிற கார்களில் எதை ஐம்பது வருஷம் கழித்தும் ஜனங்கள் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வார்கள்? என் மாமாவுக்கு இந்தக் கேள்வியை விட்டால் வேறு பேச்சே கிடையாது. சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் மற்ற ஆண்கள் எல்லாரும் நாம் மதராஸோடு சேருவதா, இப்போது போல மலையாள ராஜ்யத்திலேயே இருப்பதா என்று தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்து, "அதெல்லாம் நடக்கப்பட்ட நேரத்துல நடக்கும். இப்பம் வாற காருல எது நிக்கும், அதைச் சொல்லுங்கோ" என்பார். அவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

மாமா என் அம்மாவின் தம்பி. கோட்டாற்றில் ஒரு கொட்டகை போட்டு வாடகைக் கார் வைத்திருந்தார். துணிக் கூரையைப் பின்னால் மடக்கிவிடக்கூடிய நீளமான பழைய கார். என்னைவிட வயதில் மூத்தது. அதற்கு முக்கால்வாசி வேலை கல்யாண ஊர்கோலம்தான். கூரையை மடக்கி, பின் சீட்டின் முதுகு மேல் மெத்தை போட்டு, பெண்ணையும் மாப்பிள்ளையையும் உயரத்தில் உட்கார வைத்தால் கூட்டத்தின் கடைசியில் நிற்கிற குள்ளனுக்கும் முகம் தெரியும். எங்கள் சுசீந்திரத்திலிருந்து மயிலாடி வரைக்கும் எத்தனையோ ஜோடிகளை அது சுமந்திருக்கிறது.

"கல்யாணம் கண்ட வண்டியை எவனும் உடைக்க மாட்டான், கேட்டியா" என்பார் மாமா. "இப்பம் வாறதெல்லாம் மூடின டப்பா. உள்ள இருக்கது ஆளா, அரிசி மூடையான்னு தெரியாது. அதை எவன் பத்திரமா வைப்பான்?"

நான் அவருக்கு எதிர்க்கட்சி. நாகர்கோவில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தரம் மூடின கார் ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தோட்டத்துத் துரையின் மனைவி கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். ரோட்டில் அத்தனை ஆள் போகிறது, அவள் பாட்டுக்குத் தின்கிறாள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, பெண்கள் கையில் கொடுத்தால் இந்தக் காரைத்தான் பேரப்பிள்ளைகள் காலம் வரை வைத்திருப்பார்கள் என்று. மாமாவிடம் சொன்னேன். "பொம்பளையா கார் வாங்குகா?" என்று ஒரே சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பதினொரு வயதில் எனக்குப் பெரியம்மை போட்டது. பிழைத்தேன். முகம் முழுக்கக் குழி விழுந்துவிட்டது. வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, கண்ணாடியை மட்டும் உள்ளறைக்கு மாற்றிவிட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்களில் இரண்டு கூட்டம் காப்பியைக் குடித்துவிட்டு நல்ல நாள் பார்த்துச் சொல்வதாகப் போனது, போனதுதான். மூன்றாவதாக வந்தவர்கள் சம்மதித்தார்கள். மாப்பிள்ளை தாலுகா கச்சேரியில் குமஸ்தா. அவர் அன்றைக்குத் தலையை நிமிர்த்தினாரா என்றே எனக்குத் தெரியாது. அவர் அம்மா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பூ வைத்தாள். அந்த ஒன்றும் சொல்லாததுதான் என்னை ராப்பகலாக அரித்தது.

கல்யாணம் நிச்சயமானதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்பு கொள்ளவில்லை. அடுக்களைக்குப் போவேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவேன். நெல் அவிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நகத்தைக் கடிப்பேன். "ஏட்டி, குட்டி போட்ட பூனை மாதிரி ஏன் அலையா?" என்று அம்மா திட்டுவாள். தாலி கட்டுவது எனக்குப் பயமாக இல்லை. சாயங்காலம் ஊர்கோலம், அதுதான் பயம். சுசீந்திரத்து நாலு ரதவீதியிலும் வாசலுக்கு வாசல் பெண்கள் வந்து நிற்பார்கள். மாமாவின் காரில் உயரத்தில் உட்கார்ந்தால் என் முகத்தை நாலு தெருவுக்கும் ஏலம் போட்டது போலத்தான்.

மாமா வீட்டுக்கு வந்த ஒரு நாள் துணிந்து கேட்டுவிட்டேன்.

"மாமா, ஊர்கோலத்துக்கு எனக்கு மூடின கார் வேணும்."

"எதுக்கு மக்ளே?"

உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. "வெயிலு, தூசி. முடியெல்லாம் கலைஞ்சு போவும்" என்றேன். அது போதாது என்று தோன்றியதால், "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாவள்லா" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"சாமியே வருசத்துக்கு ரெண்டு மட்டம் தேருல ஏறி நாலு தெருவுக்கும் முகம் காட்டுது. நீ என்ன சாமிக்கு மேலயா?"

சாமிக்கு அம்மை போட்டதில்லையே என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டு, மூடின கார் இல்லையென்றால் ஊர்கோலமே வேண்டாம் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அம்மா வெளியிலிருந்து கத்தினாள். நான் திறக்கவில்லை.

அதன் பிறகு மாமாவைக் கொஞ்ச நாள் காணோம். திரும்பி வந்தபோது முகம் செத்துப் போயிருந்தது. பழைய காரைக் களியக்காவிளையில் ஒரு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டாராம். ஊருக்குக் கப்பல் ஏறுகிற ஒரு தோட்டத்துத் துரையிடம் புத்தம் புதுசு போல ஒரு சின்ன மூடின காரை வாங்கியிருக்கிறாராம். "ஒனக்காகத்தான். போய்ப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

நானும் அம்மாவும் கோட்டாற்றுக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். பச்சை நிறம், உருண்டையான முதுகு. பின் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றினேன். வெளியே மாமா ஏதோ சொல்கிறார், வாய் அசைகிறது, சத்தம் பாதிதான் கேட்கிறது. எனக்கு அழுகையாக வந்தது. சந்தோஷம்தான். ஐம்பது வருஷம் கழித்து மற்றவர்கள் எதைப் பத்திரப்படுத்தினாலும் சரி, நான் இதை விடமாட்டேன் என்று நினைத்தேன்.

ஆனாலும் மனசு அடங்கவில்லை. கார் வழியில் நின்றுவிட்டால்? மாப்பிள்ளை வீட்டார் கண்ணாடியை இறக்கச் சொன்னால்? ஒன்று மாற்றி ஒன்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை. கல்யாணத்தன்று காலையில் தாலி கட்டும்போது கூட மனசு சாயங்காலத்தில்தான் இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். தலை நிறையப் பிச்சிப்பூவோடு என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். பச்சைக் கார் நிற்கிறது. கூரை இல்லை.

அறுத்துவிட்டார். கோட்டாற்றுக் கொல்லனைப் பிடித்து, இரும்பு அறுக்கிற வாளால் சுற்றிலும் அறுத்து, கூரையைத் தனியாகக் கழற்றி எடுத்துவிட்டார். அறுத்த விளிம்பில் சிவப்புப் பட்டுத் துணி சுற்றி, மேலே பூச்சரம் கட்டி, சீட்டின் முதுகு மேல் மெத்தையும் போட்டாயிற்று. மாமா பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"எப்படி இருக்கு? கூரைதான் இல்ல, பாக்கி எல்லாம் நீ கேட்ட வண்டிதான். இனி இதைத்தான் மக்ளே அம்பது வருசம் வைப்பாவ."

எனக்கு அவரை அங்கேயே நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. மணப்பெண் வாயைத் திறக்க முடியுமா? தூக்காத குறையாக ஏற்றினார்கள். பக்கத்தில் மாப்பிள்ளை. முன்னால் மாப்பிள்ளையின் அக்காவும் அவள் பிள்ளைகள் இரண்டும். மாமாதான் ஓட்டினார்.

மேளம் முழங்க மேலத் தெருவில் கொஞ்ச தூரம் போனோம். நான் மடியில் கிடந்த கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திடீரென்று என் பக்கத்துக் கதவு படீரென்று திறந்துகொண்டது. மாப்பிள்ளை எட்டி இழுத்துச் சாத்தினார். அவர் பக்கத்துக் கதவு திறந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிச் சாத்திப் பார்த்தார். அதற்குள் வண்டி நடுவில் தொய்ந்து, வயிறு தரையில் உரசி, கரகரவென்று இழுத்துக்கொண்டு போய் நின்றது. மேளமும் நின்றது.

பழைய வண்டிக்கு அடியில் தனியாக இரும்புச் சட்டம் இருக்கும். மேலே எதைக் கழற்றினாலும் அது தாங்கும். புது வண்டிக்கு அப்படிச் சட்டம் கிடையாது, கூரையும் கதவுச் சட்டமும் தரையும் சேர்ந்துதான் பாரம் தாங்க வேண்டும். வெறும் வண்டியாகக் கோட்டாற்றிலிருந்து வந்தபோது மாமாவுக்கு அது தெரியவில்லை. ஆள் ஏறினதும் தெரிந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதைதான்.

மாமா இறங்கி, குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்து என் பக்கம் வந்தார். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"எதுக்கு மாமா அறுத்திய?"

"எங்க அக்கா மகளை நாலு தெருவும் பாக்காண்டாமா?"

"பாக்காண்டாம்னுதானே மூடின வண்டி கேட்டேன். மொகம் பூரா அம்மைத் தழும்பு. இதை ஊரு பாக்கணுமா?"

அந்த வார்த்தையை முதல் தடவையாக நான் வாய்விட்டுச் சொன்னேன். மாப்பிள்ளைக்கும் கேட்டிருக்கும். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதுக்கா நீ கேட்டா?" என்றார். "நான் வெயிலுக்குன்னுல்லா நெனச்சேன். வெயில் சாஞ்சதுக்குப் பொறவு ஊர்கோலத்தை வச்சா, கூரை எதுக்குன்னுல்லா அறுத்தேன்."

அவர் நடிக்கவில்லை. இத்தனை வருஷமும் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். அதில் மறைக்க ஏதாவது இருக்கும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. தனக்குச் சோறு போட்ட காரை விற்று வாங்கிய வண்டியை, நான் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அறுத்திருக்கிறார். மனுஷனைத் திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை.

அக்காவும் பிள்ளைகளும் இறங்கிவிட்டார்கள். யாரோ மாட்டு வண்டி கொண்டுவர ஓடினார்கள். நான் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு காலைக் கீழே வைத்தேன்.

"எறங்காண்டாம்" என்றார் மாப்பிள்ளை. அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. "மாட்டு வண்டி வரட்டும். எல்லாரும் பாப்பாவ."

"பாக்கட்டும்" என்றேன். "நீங்களும் எறங்குங்க."

அவர் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். மாமா மேளக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவர்கள் மறுபடி ஆரம்பித்தார்கள்.

மேலத் தெரு முழுக்க அழுதுகொண்டேதான் நடந்தேன். அழுகிற பெண்ணை எல்லா வாசலிலும் நின்று பார்த்தார்கள். வடக்குத் தெருவுக்குத் திரும்பியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் அவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.