நாக்கை வழித்துக்கொண்டு அக்குபங்சருக்குப் போனேன்

போன திங்கட்கிழமை ஒரு டாக்டரிடம் நாக்கை நீட்டித் திட்டு வாங்கினேன். அக்குபங்சருக்கு நான் போன முதல் நாள் அது!

வலது தோள் இறுகிப்போய் இரண்டு மாதமாகிறது. ஃப்ரோசன் ஷோல்டராம். ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை, தலை வார முடியவில்லை... அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஸ்கூட்டர் ஓட்ட முடியாததைத்தான் தாங்க முடியவில்லை. ஹேண்டில்பாரைத் திருப்பினால் உயிர் போகிறது.

எங்கே போனாலும் கணவர் வண்டியில், பின் சீட்டில். அவர் ஓட்டி நீங்கள் பார்த்ததில்லையே? காளவாசல் சிக்னலில் பச்சை விழுந்த பிறகும், மற்றவர்கள் முதலில் போகட்டும் என்று நிற்பார். தெரிந்த முகம் தென்பட்டால் ஓரங்கட்டிப் பேசுவார். நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் வாங்கிய கீரை வாடிவிடும். என் வண்டியை நான் மறுபடி ஓட்டியாக வேண்டும் — அவ்வளவுதான் என் வேண்டுதல்.

பிசியோதெரபியில் கொஞ்சம் தேவலை. அக்குபங்சரும் செய்துபாருங்கள் என்று தோழி சொல்ல, நாகமலை புதுக்கோட்டையில் ஒரு லேடி டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன்.

டாக்டரிடம் போவதென்றால் நம்மூரில் ஒரு சம்பிரதாயம் உண்டே... எதிர்வீட்டு மதினி காலையிலேயே வந்துவிட்டார்.

"ஒண்ணும் சாப்புடாமப் போ. டெஸ்ட்டு கிஸ்ட்டு எடுத்தா வெறும் வயிறா இருக்கணும்ல? நாக்கையெல்லாம் பாப்பாங்களாம். நல்லா வழிச்சுட்டுப் போ, அசிங்கமா இருக்கக் கூடாது பாரு."

மதினி சொன்னால் மறுபேச்சு ஏது? பட்டினி கிடந்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை நாக்கை வழித்து, விசேஷ வீட்டுக்குப் போகிற மாதிரி முழங்கை வரை இறுக்கிப் பிடிக்கும் ஜாக்கெட்டில் (கொக்கி மாட்டிவிட்டது மதினிதான்) போய் இறங்கினேன்.

டாக்டர் சின்னப் பெண்தான். தூக்கம் வருகிறதா, வெயில் ஒத்துக்கொள்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். இரண்டு கையிலும் நாடி பார்த்தார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். பெருமையாக நீட்டினேன்.

"ஐயையோ... வழிச்சுட்டீங்களா? மேல படிஞ்சிருக்கறதத்தாம்மா நான் பாக்கணும்! சரி, சாப்டீங்களா?"

இல்லை என்றதும் ஊசி டப்பாவை மூடிவிட்டார்.

"வெறும் வயித்துல ஊசி வச்சா சிலருக்குக் கிறுகிறுன்னு வரும்மா. போயி ரெண்டு இட்லி சாப்பிட்டு வாங்க."

பக்கத்துக் கடைக்குக் கணவர் கூட்டிப்போனார். அங்கேயும் அவருக்குத் தெரிந்தவர் ஒருவர்!

திரும்பி வந்தால் ஜாக்கெட் கை மேலே ஏறவில்லை. தளர்வான ஒரு கவுனைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். தொளதொள சட்டையில் போயிருந்தால் இந்தப் பாடு உண்டா? ஒருவழியாகப் படுத்தேன். என் கண்ணெதிரே புது பாக்கெட்டைப் பிரித்து ஊசியை எடுத்தார். தலைமுடி போல மெலிசு. முதல் ஊசி முழங்காலுக்குக் கீழே!

"டாக்டர், வலி தோள்லதானே..."

"தெரியும்மா. தோளுக்கும் வருவேன்."

சுருக்கென்று ஒரு நொடி. பிறகு அந்த இடம் லேசாகக் கனத்தது. அவ்வளவே. அசையக் கூடாது, போனைத் தொடக் கூடாது. பட்டப்பகலில் சும்மா படுத்து எத்தனை காலம் ஆகிறது? யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டேன். குறட்டை வெளி ஹால் வரைக்கும் கேட்டதாம்.

ஊசிகளை எடுத்ததும் கையைத் தூக்கச் சொன்னார். மெதுவாகத் தூக்கினேன்... காது வரை வந்துவிட்டது! காலையில் தோள் மட்டத்துக்கே வராத கை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப ஆடிறாதீங்கம்மா, மறுபடியும் புடிச்சுக்கலாம். இன்னும் சில தடவை வரணும். பிசியோ எக்சர்சைஸையும் விட்றாதீங்க."

சரி... வண்டி? நான் வாயெடுப்பதற்குள் கதவருகே நின்றிருந்த கணவர் முந்திக்கொண்டார்.

"டாக்டர், இவ எப்ப வண்டி ஓட்டலாம்?"

"கை நல்லாத் தூக்க வந்ததும் ஓட்டலாம் சார். ஏன், அம்புட்டு அவசரமா?"

"அவசரந்தான் டாக்டர். ரெண்டு மாசமா என் வண்டியையும் பின்னாடி உக்காந்துக்கிட்டு இவதான் ஓட்டுறா. ஹாரன் அடிங்க, லெப்ட்ல போங்க, அவர்கிட்டப் பேசாதீங்க... திரும்பித் திரும்பிப் பதில் சொல்லியே எனக்குக் கழுத்து புடிச்சுக்கிச்சு!"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரையும் உட்காரச் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேஷன்ட்!