இடம் மாறிய ஸ்டீயரிங்

லீவு நாளில் என் கணவரைப் பார்க்க வேண்டுமென்றால் கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடிக்குத்தான் போக வேண்டும். அங்கே நெடுஞ்சாலையோர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பெங்களூர்ப் பணக்காரப் பையன் எவனாவது வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரில் வரமாட்டானா என்று தவம் கிடப்பார். எண்பதுகளில் அந்தச் சாலையில் வந்ததெல்லாம் கல் ஏற்றிய லாரிகள்தான். கல்யாணமாகி நான் ஓசூருக்கு வந்த பிறகு அவர் கண்ணில் பட்டது ஒரே ஒரு சிவப்புக் கார். அதையும் கயிறு கட்டி ஒரு லாரி இழுத்துக்கொண்டு போனதாம். அதைச் சொல்லும்போது மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அம்மை போட்டுக் கிடந்தபோதுகூட அந்தக் கண் கலங்கவில்லை.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். ஓசூரில் சொந்தபந்தம் யாரும் கிடையாது. வாரமெல்லாம் அவர் ஃபேக்டரிக்குச் சொந்தம், ஞாயிற்றுக்கிழமை ஜூஜுவாடிக்குச் சொந்தம். வீட்டில் பேச்சுத்துணைக்குப் பக்கத்து வீட்டுக் கன்னட ரேடியோதான். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆயுத பூஜை லீவையாவது அவர் என்னோடு கழிக்க வேண்டும். கெஞ்சினால் நடக்காது. காரையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால்?

அவர் பத்திரிகைகளிலிருந்து வெட்டிச் சேர்த்து வைத்திருந்த கார்ப் படங்களில் ஒன்றை உருவினேன். எங்கள் கல்யாண போட்டோவையும் எடுத்துக்கொண்டு குருபரப்பள்ளிக்கு பஸ் ஏறினேன். அங்கே லாரிகளின் முதுகில் பசுவும் கன்றும் எழுதுகிற பெயிண்டர் ஒருவர் இருந்தார். பெரிய பலகையில் அந்தக் காரை எழுதி, எங்கள் இருவரையும் அதில் உட்கார வைக்கச் சொன்னேன். ஸ்டீயரிங் இருந்த பக்கத்தில் விரலை வைத்து, "இங்க அவரு, அங்க நான்" என்று காட்டிவிட்டு வந்தேன்.

பூஜைக்கு முதல் நாள் போய்ப் பார்த்தேன். பம்பரில் திருஷ்டிக்கு நாக்கைத் தொங்கப்போட்ட அசுர முகம். அதன் கீழே எலுமிச்சையும் மிளகாயும். அது போகட்டும். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ சகிதம் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தது நான்! பக்கத்தில், லாரியென்றால் கிளீனர் உட்காரும் இடத்தில், மாலையும் கழுத்துமாக என் கணவர்.

"என்னங்க இது?" என்றேன்.

"நீ காட்ன எடத்துலதாம்மா ஆள உக்கார வச்சேன். ஸ்டீயரிங்தான் எடது பக்கம் இருந்துச்சு. அச்சடிச்சவன் தப்பா அச்சடிச்சிட்டான். நான் சரி பண்ணி வலது பக்கம் வச்சேன்" என்றார் பெருமையாக.

"அது வெளிநாட்டு வண்டிங்க. அப்படித்தான் இருக்கும்."

"எந்த நாடா இருந்தா என்னாம்மா? இப்டியே போனா அத்திப்பள்ளி செக்போஸ்ட்ல புடிச்சிக்குவாங்க."

"படத்த யாருங்க ஓட்டப் போறா?"

"வண்டின்னா வண்டிதாம்மா."

மாற்றி எழுத நேரமில்லை. பஸ்ஸில் பலகையை மடியில் சாய்த்துக்கொண்டு பயந்தபடியே வந்தேன். காலண்டரில் கார் சக்கரம் கொஞ்சம் கோணலாக இருந்தாலே கிழித்துப் போடுகிறவர், இதைப் பார்த்தால் அப்போதே ஜூஜுவாடிக்குக் கிளம்பிவிடுவார். ஆனாலும் வழியெல்லாம் சுற்றியிருந்த காகிதத்தை விலக்கி விலக்கி என்னையே பார்த்துக்கொண்டு வந்தேன். வண்டி ஓட்டுகிற எனக்கு என்ன ஒரு மிடுக்கு!

மறுநாள் காலை ஸ்கூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். அதை நசுக்கிக்கொண்டு நேரே ஜூஜுவாடிக்குப் புறப்படுவதாக அவர் திட்டம். நான் பலகையைக் கொண்டுவந்து ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தி, அதற்கும் பொட்டு வைத்தேன்.

குனிந்து பலகையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வெடித்தார்.

"என்னட்டி இது? எவன் வரைஞ்சான்? எனக்கு ஸ்டீயரிங் எங்கட்டி? சக்கரம் தோசக்கல்லு மாதிரில்லா இருக்கு!"

ஸ்கூட்டர் சாவியைக் கீழே வைத்துவிட்டுப் பலகை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கதவு தப்பு, கண்ணாடி தப்பு, வளைவு தப்பு. நிஜக் கார் எப்படி இருக்குமென்று சாக்பீஸை எடுத்துத் தரையில் வரைந்து எனக்குப் பாடம் நடத்தினார். வாய் கொஞ்சம் ஓய்கிறதென்று தெரிந்தால் நான் விடுவேனா? "லைட்டாவது சரியா இருக்குல்லா?" என்று மெதுவாக எடுத்துக் கொடுப்பேன். மறுபடி பற்றிக்கொள்ளும். மத்தியானச் சாப்பாடு அங்கேயே ஆயிற்று. சாயங்காலம் சுண்டலைக் கொறித்தபடி அசுர முகத்தைக் காட்டி, "இவன் எங்க மேனேஜர் மாதிரியே இருக்காம்ட்டி" என்று சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. நானும் சிரித்தேன். அந்த ஊரில் நாங்கள் இருவரும் சேர்ந்து அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரை வெளியே தள்ளும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், பழைய கதை என்று நினைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவர் ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு சாவியை என் பக்கம் நீட்டினார்.

"வாட்டி, வந்து வண்டிய எடு. ஜூஜுவாடிக்கு நேரமாச்சு. கிளீனர் ரெடி."

எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாவியை வாங்கினேன்.