சம்பங்கிப் பாத்தியில் சாமி பூ

தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டு கேட் ஓரம் ஒரு சின்னப் பாத்தி. சம்பங்கிக் கிழங்கு நட்டிருக்கிறேன். வெயில் தாங்கட்டும் என்று காய்ந்த இலைகளைக் கனமாகப் பரப்பி மூடாக்குப் போட்டேன்.

அதன்மேல் யாரோ தினமும் வாடிய பூக்களைக் கொட்டிவிட்டுப் போனார்கள். சாமந்தி, அரளி, துளசி.

நேற்று ஓர் அட்டையில் 'இங்கே குப்பை கொட்டாதீர்கள்' என்று எழுதி மாட்டினேன்.

இன்று காலை மாடி வீட்டு அக்கா அதைப் படித்தபடி நின்றார். கையில் ஒரு கிண்ணம் வாடிய பூ.

"குப்பையாம்மா இது? சாமிக்கு வெச்ச பூ. கால் படாத எடத்துல போடணும்னுதான் இங்க போட்டேன்."

"இங்கயா அக்கா?"

"நீதான் இத சுத்திச் சுத்திப் போற. கூரியர்காரர்கிட்டகூட 'அங்க மிதிக்காதீங்க'ன்னு சண்டைக்குப் போன. நீங்க சர்ச்சுக்குப் போறவங்க, உங்களுக்கு ஏதோ புனிதமான எடம் போலன்னு நெனச்சேன்."

"உள்ள கிழங்கு இருக்குக்கா. சம்பங்கி."

"அதுவும் சாமிக்குத்தான போவப்போவுது?"

அட்டையைக் கழற்றினேன். அவர் குனிந்து பூவைப் பரப்பினார்.

நான் பத்திரப்படுத்தியதை அவர் வணங்கத் தக்கது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும் போல. காலைத் தள்ளி வைக்கிறோம், அவ்வளவுதான்.

சிக்கல் இனிமேல்தான். மழைக்கு முன் மூடாக்கை அள்ளாவிட்டால் கிழங்கு அழுகிவிடும். அதில் பாதி இப்போது சாமி பூ.

தாம்பரம் பக்கம் கால் படாத இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.